மலைநடைக்கு ஒரு மடங்காத கத்தி: முதன்முறையாக வாங்குவோருக்கான வழிகாட்டி

சமையலறையில் காய் நறுக்கும் கத்தியும் மடங்காத கத்தியே. அலகும் பிடியும் கீல் இல்லாமல் அசையாது நிற்பதை மட்டுமே அந்தப் பெயர் குறிக்கிறது. அதற்குமேல் அதில் வீரம் எதுவும் இல்லை. மலைநடைக்கும் கூடாரத் தங்கலுக்கும் மடக்குக் கத்தியைவிட இதைப் பலர் விரும்புவதற்கான காரணங்களும் எளியவை. மணலும் வெங்காயச் சாறும் புகுந்து தங்குவது கீலில்தான். தேய்ந்த கீல்தான் வேலைக்கு நடுவே விரலின்மேல் மடங்குகிறது. குளிரில் விறைத்த கையால் நகத்தைக் கொடுத்துத் திறக்க வேண்டிய சங்கடமும் மடங்காத கத்தியில் இல்லை. கழுவித் துடைத்து உறையில் செருகினால் வேலை முடிந்தது.

நான் முதலில் வாங்கிய கத்தி 7 அங்குல அலகும், 6 மில்லிமீட்டர் தடிப்பும், முதுகில் ரம்பப் பற்களும் கொண்டது. உறையோடு சேர்த்து அரைக் கிலோவை நெருங்கிய அதை இமாசலப் பிரதேசத்தில் ஐந்து நாள் நடையில் இடுப்பில் சுமந்தேன். அந்த ஐந்து நாளில் அது வெங்காயமும் உருளைக்கிழங்கும் நறுக்கியது, சேமியாப் பொட்டலம் பிரித்தது, கூடாரக் கயிறு ஒன்றை அறுத்தது, குதிகால் கொப்புளத்தின்மேல் ஒட்டுவதற்குப் பிளாஸ்திரி வெட்டியது. வெங்காயத்தைக்கூட அது நறுக்கவில்லை, பிளந்தது. உடன் வந்த சமையற்காரர் தம் பையிலிருந்து எடுத்த, பாதி தேய்ந்த சிறு கத்தி அத்தனை வேலையையும் என் கத்தியைவிட நன்றாகச் செய்தது. இனி நான் சொல்லப்போகும் தேர்வுகள் பெரும்பாலும் அந்தச் சிறு கத்தியின் பக்கமே சாயும் என்பதை முன்கூட்டியே ஒப்புக்கொள்கிறேன்.

முதல் படி: வேலைகளை எழுதிக்கொள்ளுதல்

கடைக்குச் செல்வதற்கோ இணையத்தில் தேடுவதற்கோ முன்பாக, இதுவரை போன பயணங்களில் கத்தி தேவைப்பட்ட தருணங்களை ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். இன்னும் போனதில்லை என்றால், போக நினைக்கும் பயணத்தின் ஒரு நாளைக் காலையிலிருந்து இரவு வரை மனத்தில் ஓட்டிப் பார்த்து எழுதலாம். பெரும்பாலோரின் பட்டியல் மூன்று வகைக்குள் அடங்கிவிடும். ஒன்று, உணவுக்கான நறுக்கல். இரண்டு, கயிறு, துணி, ஒட்டுநாடா, பொட்டலம் போன்றவற்றை அறுத்தல். மூன்று, மரக்குச்சியைச் சீவுதல். இந்த மூன்றாவது வகையில்தான் ஆளுக்கு ஆள் வேறுபாடு வருகிறது. தொலைந்த கூடார முளைக்குப் பதிலாக ஒரு குச்சியைக் கூராக்கிக்கொள்வது சிறிய வேலை. தீ மூட்டுவதற்குச் சுருள் சுருளாகச் சிராய் சீவுவது அடுத்த நிலை. மணிக்கட்டுத் தடிமனுள்ள விறகின் தலையில் கத்தியை வைத்து, அதன் முதுகை இன்னொரு கட்டையால் தட்டிப் பிளப்பது அதற்கும் மேற்பட்டது.

நீண்டு, தடித்து, கனத்த கத்திகள் அந்தக் கடைசி வேலையைச் சொல்லியே விற்கப்படுகின்றன. அந்த வேலை உங்களுக்கு வாய்க்குமா என்பதைக் கொஞ்சம் நிதானமாக யோசிக்க வேண்டும். இமயமலையில் மரங்கள் நின்றுபோகும் உயரத்துக்கு மேலே விறகே கிடையாது. அங்கே சமையல் எரிவாயு அடுப்பில்தான் நடக்கும். மேற்குத் தொடர்ச்சி மலையின் காப்புக்காடுகளில் அனுமதியின்றித் தீ மூட்டுவது குற்றம். தனியார் தோட்டங்களில் நடத்தப்படும் முகாம்களில் விறகை ஏற்கெனவே பிளந்து அடுக்கியிருப்பார்கள். ஆகவே நம் ஊர்ப் பயணிகளில் பெரும்பாலோர் விறகு பிளக்கும் வேலையைப் பட்டியலிலிருந்து அடித்துவிடலாம். உண்மையிலேயே அது தேவைப்படும் ஒருவர் சிறு கோடரி ஒன்றைத் தனியாகக் கொண்டுபோவது கத்திக்கும் நல்லது, விறகுக்கும் நல்லது.

இரண்டாம் படி: கொண்டுபோகும் இடத்தின் சட்டத்தை அறிதல்

வழிகாட்டிகள் பலவற்றில் இந்தப் பகுதி கடைசி வரியாக வரும். நம் நாட்டில் இதை வாங்குவதற்கு முன்பே பார்த்தாக வேண்டும். ஏனெனில் நம் மலைவழிகளில் கணிசமானவை சரணாலயங்களுக்குள்ளும் தேசியப் பூங்காக்களுக்குள்ளும் செல்கின்றன. 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 31-ஆம் பிரிவு, முன்கூட்டியே எழுத்துமூலம் அனுமதி பெறாமல் எவரும் ஆயுதத்துடன் சரணாலயத்துக்குள் நுழையக் கூடாது என்கிறது. ஆயுதம் என்றால் எவை என்று அதே சட்டம் தரும் விளக்கத்தில் துப்பாக்கி, வில், வலை, கண்ணி ஆகியவற்றோடு கத்தியும் பெயர் சொல்லியே இடம்பெற்றிருக்கிறது. தேசியப் பூங்காக்களுக்கும் இந்த விதி பொருந்தும். முதுமலை, ஆனைமலை, களக்காடு–முண்டந்துறை, மேகமலை போன்ற இடங்களுக்குப் போகிறவர், தம் கத்தி எவ்வளவு சிறியதாக இருந்தாலும் வனத்துறையிடம் கேட்டு, எடுத்துவரக் கூடாது என்று சொன்னால் வீட்டிலேயே வைத்துவிட்டுப் போக வேண்டும். நுழைவாயிலில் வனக்காவலரிடம் விவாதம் செய்து பயனில்லை.

2018 மார்ச் மாதம் தேனி மாவட்டம் குரங்கணியில் ஏற்பட்ட காட்டுத்தீயில் மலையேற்றத்துக்குச் சென்ற இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்த பிறகு, தமிழ்நாட்டில் வனப்பகுதி மலையேற்றத்துக்குத் தனி விதிகள் வந்தன. 2024-இல் தொடங்கப்பட்ட அரசின் மலையேற்றத் திட்டத்தில் நாற்பது வழிகள் முறைப்படுத்தப்பட்டு, உள்ளூர் வழிகாட்டிகளின் துணையோடு மட்டுமே நடக்க வகை செய்யப்பட்டுள்ளது. அத்தகைய ஒருநாள் நடைக்கு உண்மையில் கத்தியே வேண்டாம். கத்திக்கு வேலை இருப்பது தனியார் நிலத்து முகாம்களிலும், சரணாலய எல்லைக்கு வெளியே உள்ள இமயமலை வழிகளிலும், வெளிநாட்டுப் பயணங்களிலும்தான்.

அளவைப் பற்றியும் சட்டம் பேசுகிறது. படைக்கலச் சட்டத்தின் கீழ் வகுக்கப்பட்ட விதிகள் 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகு கொண்ட கத்திகளை, நேபாளத்தின் வளைந்த கத்தியான குக்ரி உட்பட, ஆயுதப் பட்டியலில் வைக்கின்றன. வீட்டுக்கும் வேளாண்மைக்கும் தொழிலுக்கும் அறிவியலுக்கும் என்று வடிவமைக்கப்பட்டவற்றுக்கு மட்டும் விலக்கு உண்டு. டார்ஜிலிங்கிலும் நேபாள எல்லைக் கடைகளிலும் அழகு பார்த்துப் பெரிய குக்ரி வாங்கி வருவோர் இதை நினைவில் கொள்ள வேண்டும். நான் பரிந்துரைக்கப்போகும் 4 அங்குலக் கத்தி இந்த வரம்புக்கு வெகு கீழே இருக்கிறது. ஆனாலும் பேருந்து நிலையத்திலும் கடைத்தெருவிலும் இடுப்பில் தொங்கவிட்டு நடப்பது தேவையற்ற கேள்விகளை வரவழைக்கும். நடை தொடங்கும் இடம் வரை அது பையின் அடியில், உறைக்குள், துணி சுற்றிக் கிடக்கட்டும். விமானத்தில் கைப்பையில் வைக்க முடியாது. ஒப்படைக்கும் பெட்டிக்குள் வைக்க வேண்டும். பிரிட்டனில் வாழும் தமிழர்களுக்கு விதி இன்னும் கடுமையானது: 3 அங்குலத்துக்கு மிகாத, பூட்டு விழாத மடக்குக் கத்தியைத் தவிர வேறு எந்தக் கத்தியையும் தக்க காரணம் இன்றிப் பொது இடத்தில் வைத்திருக்க முடியாது. முகாமுக்குப் போகும் வழியில் இருப்பது காரணமாகலாம். திரும்பி வந்தபின் வாரக்கணக்கில் காரிலேயே விட்டுவைத்தால் அந்தக் காரணம் நிற்காது.

மூன்றாம் படி: நீளமும் தடிப்பும்

அலகு 9 முதல் 11 சென்டிமீட்டர் வரை, அதாவது உங்கள் உள்ளங்கையின் அகல அளவில் இருந்தால் போதுமானது. அதைவிடக் குறைந்தால் ரொட்டியும் பெரிய தக்காளியும் நறுக்குவது தொல்லையாகும். கூடினால் முனை கையிலிருந்து விலகிச் சென்று, நுணுக்கமான வேலையில் கட்டுப்பாடு குறையும்.

தடிப்பைப் பற்றித்தான் புதியவர்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். தடித்த கத்தி உறுதியானது என்பது உண்மை. ஆனால் காய்க்குள்ளும் கட்டைக்குள்ளும் நுழையும் கத்தி தன் தடிப்பளவுக்கு இடம் உண்டாக்கிக்கொண்டுதான் உள்ளே போக முடியும் என்பதால், 5 மில்லிமீட்டர் முதுகுள்ள கத்தி கேரட்டை நறுக்காமல் வெடிக்கவைக்கும். உணவும் கயிறும் சிறு குச்சியும் மட்டும் என்றால் 2.5 மில்லிமீட்டர் தாராளம். இடையிடையே விறகுச் சிராயும் பிளக்க வேண்டும் என்றால் 3 முதல் 3.5 மில்லிமீட்டர் வரை போகலாம். உலகெங்கும் புதியவர்களுக்குப் பரிந்துரைக்கப்படும் ஸ்வீடன் நாட்டு மோரா நிறுவனத்தின் கம்பேனியன் வகைக் கத்தியில் அலகு ஏறக்குறைய 10 சென்டிமீட்டர், தடிப்பு 2.5 மில்லிமீட்டர். அதே நிறுவனம் கடின வேலைக்கென்று செய்யும் கார்பெர்க் வகைகூட 3.2 மில்லிமீட்டர்தான். அமெரிக்காவின் ஈ.எஸ்.ஈ.ஈ. 4 போன்ற கத்திகள் 4.8 மில்லிமீட்டர் வரை செல்கின்றன. அவை முறியாது என்ற நம்பிக்கைக்காக நறுக்கும் திறனில் ஒரு பங்கை விட்டுக்கொடுத்தவை. குளிர்ப்பிரதேசக் காட்டில் விறகை நம்பியே வாரக்கணக்கில் வாழும் ஒருவருக்கு அந்தப் பேரம் சரியாக இருக்கலாம்.

நான்காம் படி: முனை, முதுகு, சரிவு

முனையில் அதிகம் யோசிக்க வேண்டியதில்லை. முதுகு நேராகச் சென்றோ மெல்லச் சரிந்தோ வாயை, அதாவது வெட்டும் கூர்விளிம்பை, சந்திக்கும் சாதாரண வடிவமே எல்லா வேலைக்கும் பொருந்தும். உளி போல வெட்டிய முனையும், இரு பக்கமும் கூர் வைத்த குத்துவாள் வடிவமும் முகாமுக்கு ஆகாதவை. இருபுறக் கூருள்ள கத்தியின் முதுகில் கட்டைவிரலை வைத்து அழுத்த முடியாது. மேலும் அது காவலர் கண்ணுக்குக் கருவியாகத் தெரியாது.

முதுகு சதுரமாக, விளிம்பு மழுங்காமல் இருந்தால் அதில் ஒரு பயன் உண்டு. ஃபெர்ரோ கோல் எனப்படும் தீப்பொறிக் கோலை உரசுவதற்கு அந்த விளிம்பே போதும். வாயைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். முதுகில் ரம்பப் பற்கள் உள்ள கத்திகளை ஒதுக்கிவிடலாம். அந்தப் பற்கள் மரத்தை அறுப்பதில்லை, கட்டைவிரலைத்தான் அறுக்கும். வாயின் பாதியில் பற்கள் வைத்த வகையும் இருக்கிறது; கயிற்றுக்கு அது நன்று, ஆனால் சாதாரணக் கல்லில் தீட்ட முடியாது.

சரிவு என்பது அலகின் முழுத்தடிப்பு எவ்வாறு இறங்கி வாயில் கூராக முடிகிறது என்பதைக் குறிக்கிறது. கத்தி எப்படி வெட்டும் என்பதையும், பின்னாளில் அதைத் தீட்டுவது எளிதா கடினமா என்பதையும் வேறு எதையும்விட இதுவே தீர்மானிக்கிறது. நோர்டிக் நாடுகளின் வழக்கமான கத்திகளில், ஃபின்லாந்தின் புக்கோ முதல் ஸ்வீடனின் மோரா வரை, அலகின் கீழ்ப்பகுதியில் அகன்ற ஒற்றைச் சரிவு மட்டும் இருக்கும். அதை ஸ்காண்டி என்று விற்பனைப் பக்கங்களில் குறிப்பிடுவார்கள். அந்த அகன்ற சரிவு கல்லின்மேல் தட்டையாகப் படிந்துகொள்வதால் கோணத்தைக் கையால் ஊகிக்க வேண்டியதில்லை. தீட்டத் தெரியாதவரும் அரை மணி நேரத்தில் பழகிவிடலாம். மரம் சீவுவதில் இதற்கு ஈடு இல்லை. காய் நறுக்கும்போது மட்டும், சரிவு முடியும் தோள்பகுதி கிழங்கை விரித்துப் பிளக்கும் குணம் கொஞ்சம் உண்டு. மெல்லிய அலகானால் அது பொருட்டாக இராது. இரண்டாவது வகையில் முதுகிலிருந்தே தட்டையாக இறங்கி, வாயோரத்தில் மட்டும் ஒரு சிறு சரிவு இருக்கும். வீட்டுக் கத்திகள் பல இத்தகையவை. உணவுக்கு மிகச் சிறந்தவை. தீட்டும்போது கோணத்தைக் கைதான் காக்க வேண்டும். இரண்டில் எதுவானாலும் தவறில்லை. எனக்குத் தீட்டும் எளிமை முக்கியமாகப் படுவதால் முதல் கத்தியாக ஸ்காண்டியைச் சொல்வேன்.

ஐந்தாம் படி: எந்த எஃகு

எஃகின் பெயர்களும் எண்களும் புதியவரை மிரட்டும். அவற்றுக்குப் பின்னால் இருப்பது எளிதாகத் தீட்டுவதா, துருப்பிடிக்காமல் இருப்பதா என்ற ஒரு கேள்விதான். கார்பன் எஃகு நன்றாகக் கூர் ஏறும், எளிதில் தீட்டலாம், எளிதில் துருவும் பிடிக்கும். வாழைப்பூவும் வாழைக்காயும் நறுக்கிய பழைய அரிவாள்மனை கறுத்துப்போவதைப் பார்த்தவர்களுக்கு இந்த எஃகின் குணத்தை விளக்கத் தேவையில்லை. எலுமிச்சையும் மாங்காயும் பட்டால் அலகு கறுக்கும். அந்தக் கறுப்பு கெடுதலன்று, செந்துருவை ஓரளவு தடுக்கும் மெல்லிய படலம் அது. ஆனால் நறுக்கிய வெங்காயத்தில் லேசான இரும்பு வாடை வரும். 1095 என்று எழுதியிருந்தால் அது ஏறக்குறைய 0.95 விழுக்காடு கார்பன் உள்ள இந்த வகை எஃகு.

துருப்பிடிக்காத எஃகில் குரோமியம் குறைந்தது 10.5 விழுக்காடாவது இருக்கும். கத்திக்கு உரியவற்றில் பெரும்பாலும் 13-க்கும் மேல். ஸ்வீடனின் 12சி27, 14சி28என் ஆகிய இரண்டும் நியாயமான விலையில் கிடைக்கும் கத்திகளில் வருகின்றன. கூர், உறுதி, தீட்டும் எளிமை மூன்றும் அளவாகச் சேர்ந்தவை. வியர்வையும் மழையும் ஈரக்காற்றும் நிறைந்த நம் நிலத்துக்கு, அதிலும் கடற்கரை ஊர்களில் வாழ்வோருக்கு, முதல் கத்தி துருப்பிடிக்காத எஃகாக இருப்பதே நல்லது. டி2 என்பது இடைப்பட்டது. 12 விழுக்காடு அளவில் குரோமியம் இருந்தும், அதில் பெரும்பகுதியை மிகுந்த கார்பன் பிடித்துக்கொள்வதால் கவனிக்காவிட்டால் துரு காணும். கூர் நெடுநாள் நிற்கும். மழுங்கிவிட்டால் சாதாரணக் கல்லில் திரும்பக் கொண்டுவருவது பெரும்பாடு.

பெயர் எதுவானாலும், எஃகுக்குக் கொடுத்த தோய்ச்சல்தான், அதாவது காய்ச்சித் தோய்த்துக் கடினமாக்கிய முறைதான், கத்தியின் உயிர். நல்ல எஃகைத் தோய்ச்சலில் கெடுத்துவிடலாம். சாதாரண எஃகையும் நல்ல தோய்ச்சல் காப்பாற்றும். தோய்ச்சலின் விளைவை ராக்வெல் என்ற கடினத்தன்மை அளவில் சொல்வார்கள். முகாம் கத்திக்கு அது 56 முதல் 60 வரை இருப்பது வழக்கம். குறைந்தால் வாய் மடங்கும், மிகுந்தால் விள்ளும். எஃகின் பெயரையே சொல்லாமல் வெறுமனே 'ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்' என்று பொறித்த கத்தியையும், ஏ, பி, சி என்ற எழுத்தில்லாமல் '440' என்று மட்டும் போட்ட கத்தியையும் ஐயத்தோடு பாருங்கள். 440சி-யில் ஒரு விழுக்காடு அளவுக்குக் கார்பன் உண்டு. 440ஏ-யில் அதில் மூன்றில் இரண்டு பங்குதான். உயர்ந்ததை வைத்தவர் அந்த எழுத்தை மறைக்கமாட்டார். மலிவு விலையில் அலையலையான கோலத்தோடு டமாஸ்கஸ் என்று விற்பவற்றில் கோலம் பல சமயம் அமிலத்தால் மேலே வரைந்ததாகவே இருக்கும்.

ஆறாம் படி: பிடியும் அதற்குள் இருப்பதும்

பிடிக்குள் செருகியிருக்கும் இரும்பை இங்கே வால் என்று அழைக்கிறேன். வால் பிடியின் முழு நீளத்துக்கும் அகலத்துக்கும் ஓடினால் அது முழுவால். ஃபுல் டேங் என்று விளம்பரங்களில் காண்பது இதுதான். விறகு பிளப்போருக்கு இது கட்டாயம். மற்றவர்களுக்கு அப்படியில்லை. புக்கோவின் வால் ஒடுங்கியது. மோரா கம்பேனியனின் வால் பிடியின் முடிவு வரை போவதுமில்லை. இரண்டும் பல பத்தாண்டுகளாக உழைத்துக் காட்டிய வகைகள். உண்மையில் தவிர்க்க வேண்டியது உள்ளே பொந்தாக, மூடியில் திசைகாட்டி வைத்து, தீக்குச்சியும் தூண்டில் முள்ளும் அடைத்து விற்கப்படும் பிடியைத்தான். மலிவான அந்த வகையில் அலகும் பிடியும் சந்திக்கும் இடத்தில் குட்டையான ஒரு துண்டு இரும்பே பாரத்தைத் தாங்குகிறது, முறிவதும் அங்கேயேதான்.

பிடியைத் தேர்ந்தெடுக்க ஒரே வழி பிடித்துப் பார்ப்பது. கடையில் முடிந்தால், மரம் சீவுவதுபோல இறுக்கிப் பிடித்து ஒரு நிமிடம் வைத்திருங்கள். கையைத் திறந்ததும் உள்ளங்கையில் எங்கே சிவந்திருக்கிறது என்று பாருங்கள். சிவந்த இடம் அரை மணி நேர வேலையில் கொப்புளமாகும். விரலுக்கு விரல் பள்ளம் வெட்டிய பிடி, அதை வடிவமைத்தவர் கைக்கு மட்டும் பொருந்தும். சற்றே முட்டை வடிவான குறுக்குவெட்டு நல்லது. இருட்டில் எடுத்தாலும் வாய் எந்தப் பக்கம் என்று கை அறிந்துகொள்ளும். விரல் முன்னோக்கி வழுக்கி வாயின்மேல் போகாதபடி பிடியின் முன்பகுதியில் ஒரு சிறு புடைப்பு வேண்டும். நான்கு விரலும் உள்ளே அடங்கிச் சற்று மிஞ்சும்படி 10 முதல் 12 சென்டிமீட்டர் நீளம் இருக்கட்டும்.

பொருளைப் பொறுத்தவரை, ரப்பர் கலந்த நெகிழிப் பிடி ஈரத்திலும் வழுக்காது, கழுவ எளிது, விலையும் குறைவு. மரம் கைக்கு இதமானது. ஈரத்தில் உப்பி வெயிலில் சுருங்குவதால் எண்ணெய் காட்டிக்கொண்டே இருக்க வேண்டும். மைகார்ட்டா, ஜி10 போன்ற பிசின் அடுக்குகள் உழைக்கும், விலையும் கேட்கும். வெற்று உலோகப் பிடி பனியில் கையைக் கடிக்கும். நிறத்தில் மட்டும் தயங்காமல் ஆரஞ்சையோ சிவப்பையோ எடுங்கள். பச்சைப் பிடி வைத்த கத்தியைச் சருகின்மேல் வைத்துவிட்டு, மாலை மங்கும் நேரத்தில் அரை மணி நேரம் தேடியிருக்கிறேன்.

ஏழாம் படி: உறை

கத்தியைத் தலைகீழாகப் பிடித்து உலுக்கினால் உறையிலிருந்து நழுவக் கூடாது. ஒரு கையால் இழுத்தால் வர வேண்டும். இந்த இரண்டுக்கும் இடைப்பட்ட இறுக்கமே சரி. கெட்டியான நெகிழி உறையின் அடியில் நீர் வடியத் துளை இருக்கிறதா என்று பாருங்கள். தோலுறை அழகானது, ஓசை இல்லாதது, ஆனால் நனைந்தால் நெடுநேரம் உலராது. முதுகுப்பையின் இடுப்புப்பட்டை இருக்கும் இடத்தில்தான் கத்தியும் தொங்கும் என்பதால், பை சுமக்கும்போது இரண்டும் மோதும். நடக்கும் நேரத்தில் கத்தியைப் பையின் பக்கவாட்டுப் பைக்குள் வைத்துவிடுவதே பலருக்கு ஒத்துவருகிறது.

எட்டாம் படி: கைக்கு வந்ததும் சோதித்தல்

பயன்படுத்துவதற்கு முன் சோதித்தால்தான் திருப்பிக் கொடுக்க முடியும். முதுகை மேலே வைத்து, கண்ணுக்கு நேராக நீட்டிப் பார்த்து, அலகு ஒரு பக்கம் வளைந்திருக்கிறதா என்று கவனியுங்கள். வாயை விளக்குக்கு நேரே திருப்புங்கள். கூரான வாய் ஒளியைத் திருப்பாது, மழுங்கிய அல்லது விண்ட இடம் மட்டும் மினுக்கும். செய்தித்தாளின் ஓரத்தைக் கையில் பிடித்து, பிடியை ஒட்டிய குதியிலிருந்து முனை வரை இழுத்து நறுக்குங்கள். எங்கே சிக்குகிறதோ அங்கே குறை. அலகும் பிடியும் சேரும் இடத்தில் நகம் நுழையும் இடைவெளி இருந்தால் நீர் உள்ளே போகும்.

கொல்லர் பட்டறையில் செய்து வாங்குதல்

கடைக் கத்திக்கு மாற்றாக உள்ளூர்க் கொல்லரிடம் சொல்லிச் செய்துகொள்ளலாம். அரிவாளுக்குப் பேர்பெற்ற சிவகங்கை மாவட்டத் திருப்பாச்சேத்தி போன்ற ஊர்களில் மட்டுமின்றி, உழவு நடக்கும் பகுதிகளில் இன்றும் பட்டறைகள் உண்டு. பெரும்பாலும் லாரியின் வில்பட்டையைக் காய்ச்சி அடிப்பார்கள். அது கார்பன் எஃகு, நல்ல உறுதியானது. வாயை மட்டும் தோய்த்து முதுகை மிருதுவாக விடும் பழக்கமும் இருப்பதால் எளிதில் முறியாது. ஆனால் கொல்லரின் கை அரிவாளுக்கும் வெட்டுக்கத்திக்கும் பழகியது. அளவு சொல்லாவிட்டால் 5 மில்லிமீட்டர் முதுகோடு ஒரு குட்டி அரிவாள் கைக்கு வரும். அட்டையில் முழு அளவில் படம் வெட்டிக் கொடுத்து, முதுகு 3 மில்லிமீட்டருக்கு மேல் போகக் கூடாது என்று சொல்லுங்கள். ஒடுங்கிய வாலைக் காய்ச்சி மரப்பிடியில் இறக்கிப் பூண் போடுவது அவர்கள் முறை. பூண் தளர்ந்தால் பிடி சுழலத் தொடங்கும் என்பதால், அகன்ற வாலில் இரு பக்கமும் மரம் வைத்து ஆணி அறைந்து தரக் கேட்கலாம். உறையை நீங்களே தைத்துக்கொள்ள வேண்டியிருக்கும்.

வாங்கியபின்

மீதப் பணத்தில் 1000 அளவு நுணுக்கமுள்ள ஒரு தீட்டுக்கல் வாங்குங்கள்; கத்தி மிகவும் மழுங்கியவர்களுக்கு 400 அளவுக் கல்லும் வேண்டும். கல்லை நனைத்து, சரிவைத் தட்டையாகப் படியவைத்து, மறுபக்க விளிம்பில் விரலுக்குப் பிசிறு தட்டுப்படும் வரை ஒரு பக்கத்தைத் தேய்க்க வேண்டும், பிறகு மறுபக்கம், கடைசியில் பழைய தோல் இடுப்புப்பட்டையின் உட்பக்கத்தில் வாயைப் பின்னோக்கி இழுத்தால் பிசிறு உதிரும். பிசிறு வருவதற்கு முன்பே பக்கம் மாற்றுவதுதான் எல்லாருக்கும் முதலில் நேரும் பிழை. வழியில் கல் இல்லையென்றால் பீங்கான் தேநீர்க் கோப்பையைக் கவிழ்த்து, அடியில் பூச்சில்லாத வளையத்தில் தீட்டலாம். தெருவில் சக்கரத்தோடு வரும் சாணை பிடிப்பவரிடம் இந்தக் கத்தியைக் கொடுக்க வேண்டாம். உலர்ந்த சக்கரத்தின் சூட்டில் வாய் நீலம் பாய்ந்தால், தோய்ச்சலுக்குப் பின் 200 பாகை செல்சியஸ் அளவில் சூடாக்கிக் கொடுத்த பதம் அங்கேயே போய்விட்டது என்று பொருள். அகன்ற ஸ்காண்டிச் சரிவும் உருக்குலையும்.

வெட்டும்போது கையை நீட்டிச் சுற்றினால் எட்டும் தூரத்துக்குள் யாரும் இருக்கக் கூடாது. உட்கார்ந்து சீவும்போது முழங்கைகளை முட்டிமேல் ஊன்றி, கத்தி முட்டிக்கு வெளியே செல்லுமாறு வைத்துக்கொள்ளுங்கள். மடிமேல் வைத்துச் சீவக் கூடாது, தொடையின் உட்புறத்தில் பெரிய இரத்தக்குழாய் ஓடுகிறது. கத்தியைக் கைக்குக் கை கொடுக்காதே, கீழே வை, அவர் எடுத்துக்கொள்ளட்டும் என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வதற்குக் காரணம் எதுவானாலும், முகாமில் அது மிகச் சரியான விதி.

பயன்படுத்திய ஒவ்வொரு முறையும் கழுவி, துடைத்து, உலர்ந்த பிறகே உறையில் செருகுங்கள். கார்பன் எஃகானால் மெல்லத் தேங்காய் எண்ணெய் தடவுங்கள். உணவு நறுக்கும் கத்திக்கு இயந்திர எண்ணெய் ஆகாது. 24 பாகை செல்சியஸுக்குக் கீழே தேங்காய் எண்ணெய் உறைந்து வெள்ளைப் படலமாகத் தெரியும். கொடைக்கானலில் அதைக் கண்டு பூஞ்சை என்று நினைத்துத் துடைத்துவிட வேண்டாம். பயணம் முடிந்து வீட்டில் வைக்கும்போது கத்தி ஓரிடம், தோலுறை ஓரிடம் என்று பிரித்து வையுங்கள். தோல் உறிஞ்சிய ஈரம் வாரக்கணக்கில் அலகின்மேலேயே தங்கியிருக்கும்.